கன்டெய்னர் பயிற்சியில் கேஷுக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர், சேலம் பக்கமிருந்து பெங்களூருக்கு வேலை தேடி வரும் இளைஞர்கள் தங்கள் நாளிதழின் கல்வி, வேலைவாய்ப்புப் பக்கங்களைத் தவறாமல் படிக்கிறார்கள். அவர்களில் பலர் மாரத்தஹள்ளி, பி.டி.எம். லேஅவுட் போன்ற இடங்களில் உள்ள பயிற்சி மையங்களில் டெவ்ஆப்ஸ் (மென்பொருளை உருவாக்கி, வெளியிட்டு, இயக்கும் வேலை) வகுப்பில் சேர்ந்து, டாக்கர் என்னும் கன்டெய்னர் கருவியைக் கற்றுக்கொண்டு நேர்காணலுக்கு வருகிறார்கள். மென்பொருளை பில்ட் செய்து, அதாவது ஓடும் வடிவில் கட்டி, வெளியிடும் குழுவில் இந்நகரில் பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவன் என்ற முறையில் அவர்களில் பலரிடம் நான் பேசியிருக்கிறேன். கட்டளைகள் எல்லாம் அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிகின்றன. ஆனால் ஒரே இமேஜை (கட்டப்படும் மென்பொருள் பொதியை) இரண்டாம் முறை பில்ட் செய்யும்போது எந்தப் படி மறுபடி ஓடும், எந்தப் படி ஓடாது, ஏன் என்று கேட்டால் பெரும்பாலோர் விழிக்கிறார்கள். குற்றம் அவர்களுடையது அன்று. அது அவர்களுக்குச் சொல்லித்தரப்படவே இல்லை. சார்புத் தொகுப்புகளை கேஷில், அதாவது ஒருமுறை செய்ததையும் இறக்கியதையும் மறுபடி பயன்படுத்தச் சேமித்து வைக்கும் இடத்தில், வைத்துப் பயன்படுத்தும் முறையைப் பாடத்தின் ஓரத்தில் வரும் துணுக்காக இல்லாமல், முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டிய அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

துறைக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். ஒரு மென்பொருளையும், அது ஓடுவதற்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டி, எந்தக் கணினியில் வைத்தாலும் ஒரே மாதிரி ஓடச் செய்வதுதான் கன்டெய்னர் முறை. லினக்ஸில் இதற்கான அடிப்படை வசதிகள் முன்பே இருந்தாலும், 2013-ல் டாக்கர் வெளிவந்த பிறகுதான் இது சாதாரண நிரலாளர் கைக்கு வந்தது. பொதியை எப்படிக் கட்ட வேண்டும் என்று வரிசையாக எழுதிவைக்கும் கோப்புக்கு டாக்கர்ஃபைல் என்று பெயர். இன்று எந்த மென்பொருளும் முழுக்க ஒருவரே எழுதியதாக இருப்பதில்லை. நாம் எழுதும் சில ஆயிரம் வரிகளுக்கு அடியில், உலகெங்கும் உள்ள பிறர் எழுதி இலவசமாக வெளியிட்ட நூற்றுக்கணக்கான பேக்கேஜுகள் இருக்கின்றன. அவற்றைத்தான் சார்புத் தொகுப்புகள் என்கிறேன். பைத்தானுக்கு பைபிஐ, ஜாவாஸ்கிரிப்டுக்கு என்பிஎம், ஜாவாவுக்கு மேவன் சென்ட்ரல் என்று ஒவ்வொரு மொழிக்கும் இவற்றுக்கான பொதுக் களஞ்சியம் உண்டு. பில்ட் செய்யும்போது அங்கிருந்து அவை இறங்குகின்றன.

டாக்கர்ஃபைலில் கோப்புகளை மாற்றும் ஒவ்வொரு கட்டளையும் ஒரு லேயரை, அதாவது ஓர் அடுக்கை, உண்டாக்குகிறது. அடுத்த முறை பில்ட் செய்யும்போது, அந்தக் கட்டளையும் அதற்கு முந்தைய அடுக்குகளும் மாறாமல் இருந்தால், டாக்கர் அதை மறுபடி ஓட்டாமல் பழைய அடுக்கையே எடுத்துக்கொள்கிறது. கோப்புகளை நகலெடுக்கும் 'காப்பி' கட்டளைக்குக் கூடுதலாக ஒரு சோதனை உண்டு. நகலெடுக்கப்படும் கோப்புகளின் உள்ளடக்கம் மாறியிருக்கிறதா என்று டாக்கர் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து பெறும் அடையாள எண்) கணக்கிட்டுப் பார்க்கும். கோப்பின் தேதி மட்டும் மாறியிருந்தால் அதைப் பொருட்படுத்தாது. உள்ளே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்த அடுக்கு செல்லாததாகிவிடும். ஓர் அடுக்கு செல்லாததானால் அதற்குப் பின் வரும் அடுக்குகள் அத்தனையும் செல்லாதவையாகிவிடும் என்பதுதான் இங்கே முக்கியமானது. ஆகவே வரிகளின் வரிசை என்பது அழகுக்கான விஷயமன்று. அபூர்வமாக மாறுவது மேலே இருக்க வேண்டும். அன்றாடம் மாறுவது கீழே இருக்க வேண்டும்.

பயிற்சி மையம் ஒன்றில் படித்துவந்த ஓர் இளைஞர் தம் மடிக்கணினியில் எனக்குக் காட்டிய டாக்கர்ஃபைலை இங்கே சொல்கிறேன். முதல் வரியில் பைத்தான் அடிப்படை இமேஜ். இரண்டாம் வரியில் திட்டத்தின் கோப்புறை முழுவதையும் நகலெடுக்கும் காப்பி கட்டளை. மூன்றாம் வரியில் சார்புகளின் பட்டியலான ரெக்கொயர்மென்ட்ஸ் கோப்பைப் படித்து பேக்கேஜுகளை நிறுவும் பிப் கட்டளை. கடைசியில் செயலியைத் தொடங்கும் வரி. மையத்தில் கொடுத்த குறிப்பேட்டில் இப்படியேதான் இருந்தது, அது ஓடவும் செய்தது. அவர் ஒரு முகப்புப் பக்கத்தில் 'வணக்கம்' என்ற சொல்லில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு பில்ட் கட்டளையை அழுத்தினார். கோப்புறை மாறியதால் இரண்டாம் வரி செல்லாததாயிற்று. அதைத் தொடர்ந்து மூன்றாம் வரியும் போயிற்று. இயந்திரக் கற்றலுக்கான பைடார்ச் உட்பட அத்தனை பேக்கேஜுகளும் மறுபடி இறங்கத் தொடங்கின. லினக்ஸுக்கான பைடார்ச், ஜிபியு (வரைகலைச் செயலி) துணைக் கோப்புகளோடு சேர்ந்தால் ஒரு ஜிபியைத் தாண்டும். பி.ஜி. விடுதியின் வைஃபை மாலையில் படுத்துவிடும் என்பதால் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்யும் அவருக்கு, அன்றைய டேட்டா அந்த ஓர் எழுத்துக்கே தீர்ந்துபோயிற்று.

செய்ய வேண்டியிருந்தது மிகச் சிறிய மாற்றம். முதலில் ரெக்கொயர்மென்ட்ஸ் கோப்பை மட்டும் தனியாக நகலெடுக்க வேண்டும். அடுத்த வரியில் பிப் கட்டளை. அதற்கும் பிறகுதான் மற்ற கோப்புகள் எல்லாவற்றையும் நகலெடுக்கும் வரி. அப்படி மாற்றி ஒருமுறை பில்ட் செய்துவிட்டு, முகப்புப் பக்கத்தில் இன்னொரு சொல்லைத் திருத்தி மறுபடி ஓட்டியபோது, பிப் படிக்கு நேரே திரையில் 'கேஷ்டு' என்று வந்து நின்றது. பல நிமிட வேலை சில விநாடிகளில் முடிந்தது. இன்று ரசத்துக்குப் பதில் சாம்பார் என்று முடிவு செய்தால் மாத மளிகை முழுவதையும் மறுபடி வாங்கிவரும் குடும்பம் எதுவும் இல்லை; பில்டிலும் அந்தச் சாதாரண நிதானம் போதும். இதை அவருக்குச் சொல்ல ஆசிரியருக்குக் கால் மணி நேரம் கூடத் தேவைப்பட்டிருக்காது.

வரிசையைச் சரிசெய்த பிறகும் கேஷ் பிடிக்கவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களின் கோப்புறையைத் திறந்து பார்த்தால், நகலெடுக்கக் கூடாதவற்றைப் பட்டியலிடும் டாக்கர்இக்னோர் என்னும் விலக்குக் கோப்பு பெரும்பாலும் இருக்காது. நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் மறைவான கோப்புறை ஒவ்வொரு கமிட்டிலும், அதாவது ஒவ்வொரு பதிவிலும், மாறுகிறது. அதையும் சேர்த்து நகலெடுத்தால், நிரலில் ஒன்றுமே மாறாதபோதும் அந்த அடுக்கு மாறிவிடும். என்பிஎம் பேக்கேஜுகள் நிறுவப்படும் நோட் மாட்யூல்ஸ் கோப்புறையை விலக்காமல் விட்டால் கேடு இன்னும் பெரிது: மேக்கிலோ விண்டோஸிலோ நிறுவிய தொகுப்புகள், கன்டெய்னருக்குள் லினக்ஸுக்கென்று நிறுவியவற்றின் மேல் போய் உட்கார்ந்து செயலியையே ஓடவிடாமல் செய்துவிடும். பில்ட் எண்ணையோ தேதியையோ டாக்கர்ஃபைலின் தலையிலேயே சூழல் மாறியாக எழுதிவைப்பதும் இத்தகையதே. ஒவ்வொரு பில்டிலும் அது மாறுவதால் கீழே உள்ள எதுவும் கேஷிலிருந்து வராது. அந்த வரியைக் கோப்பின் அடிக்குக் கொண்டுபோனாலே போதும். ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. வெளியீட்டு எண்ணைச் சார்புகளைப் பட்டியலிடும் பேக்கேஜ் கோப்பிலேயே எழுதிவைத்து, ஒவ்வொரு வெளியீட்டின்போதும் அதை உயர்த்துவது பல குழுக்களின் வழக்கம். சார்புகளில் ஒன்று கூட மாறாவிட்டாலும், அந்த எண் மாறியதால் கோப்பின் செக்சம் மாறி, நிறுவும் படி மறுபடி ஓடுகிறது. வெளியீட்டு நாளன்று மட்டும் பைப்லைன் (பில்டையும் சோதனையையும் தானாக நடத்தும் ஏற்பாடு) ஏன் மெதுவாகிறது என்று தெரியாமல் குழம்புகிறவர்களுக்கு விடை பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

லாக் கோப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பு என்பதைத் துல்லியமாகப் பூட்டிவைக்கும் அந்தக் கோப்பு இல்லாமல் கேஷைப் பற்றிப் பேசுவது பொருளற்றது. பதிப்பைக் குறிப்பிடாமல் விட்டால், ஒருவருடைய கணினியில் போன மாதப் பதிப்பு கேஷில் இருக்கும். புதிதாகச் சேர்ந்தவருடைய கணினியில் நேற்று வந்த பதிப்பு இறங்கும். இருவருக்கும் விளைவு வேறாகும். என்பிஎம்மில் 'இன்ஸ்டால்' என்பதற்குப் பதிலாக 'சிஐ' கட்டளையைப் பயன்படுத்தினால், லாக் கோப்பில் உள்ளதை அப்படியே நிறுவும். பேக்கேஜ் கோப்போடு அது பொருந்தாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். அப்படி நிற்பதுதான் நமக்கு நல்லது. கோ மொழியில் சார்புகளைக் குறித்துவைக்கும் மாட், சம் ஆகிய இரு கோப்புகளை மட்டும் முதலில் நகலெடுத்து 'மாட் டவுன்லோட்' ஓட்டினால் வேலை முடிந்தது. ஜாவா அவ்வளவு எளிதன்று. ஜாவாவின் பில்ட் கருவியான மேவனில், சார்புகளை முன்கூட்டியே இறக்கும் 'கோ-ஆஃப்லைன்' கட்டளை சில பிளக்இன்களை (துணைக் கூறுகளை) விட்டுவிடுவதுண்டு. ரஸ்ட் மொழியில் சார்புகளை மட்டும் தனியே கம்பைல் செய்ய (இயந்திர மொழிக்கு மாற்ற) நேரடிக் கட்டளை இல்லாததால் கார்கோ-செஃப் போன்ற துணைக் கருவியை நாட வேண்டியிருக்கிறது.

இந்த அடுக்கு முறைக்கும் ஓர் எல்லை உண்டு. ரெக்கொயர்மென்ட்ஸ் கோப்பில் நாற்பது பேக்கேஜுகள் இருந்து, ஒன்றின் பதிப்பை மட்டும் உயர்த்தினாலும் அந்த அடுக்கு முழுவதும் செல்லாததாகி, நாற்பதும் மறுபடி இறங்கும். இதற்குத் தீர்வாக வந்ததுதான் டாக்கரின் புதிய பில்ட் இயந்திரமான பில்ட்கிட்டின் கேஷ் மவுன்ட், அதாவது பில்டின்போது மட்டும் இணைக்கப்படும் கேஷ் கோப்புறை. பில்ட்கிட் 2018-ல் டாக்கர் 18.09 பதிப்போடு விருப்பத் தேர்வாக வந்தது. 2023-ல் வந்த 23.0 பதிப்பிலிருந்து லினக்ஸில் அதுவே இயல்பான பில்ட் இயந்திரம். பிப் போன்றவற்றை பில்டின்போது ஓட்டும் 'ரன்' கட்டளையோடு, பிப் தன் கேஷை வைத்துக்கொள்ளும் கோப்புறையை மவுன்ட்டாகக் குறிப்பிட்டால், அந்தக் கோப்புறை பில்டுகளுக்கு இடையில் அழியாமல் இருக்கும். அடுக்கு செல்லாததானாலும், மாறிய ஒரு பேக்கேஜ் மட்டும் வலையிலிருந்து இறங்கும். மற்றவை அந்தக் கோப்புறையிலிருந்து வந்துவிடும். அது இறுதி இமேஜில் சேராததால் இமேஜின் அளவும் கூடாது. மேவன் விட்டுவிடும் பிளக்இன்களுக்கும் இதுவே நல்ல மருந்து. இத்தனை ஆண்டுகள் ஆகியும் இந்நகரின் பயிற்சிக் குறிப்பேடுகளில் இதைக் காண முடியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது. ஒருவேளை இமேஜைச் சிறிதாக்க பிப்பின் கேஷையே அணைத்துவிடுங்கள் என்ற பழைய அறிவுரை பல இடங்களில் வேரூன்றிவிட்டது காரணமாக இருக்கலாம். கேஷ் மவுன்ட் உள்ள இடத்தில் அந்த அறிவுரை தீங்கே செய்யும்.

மடிக்கணினியில் சரியாக வேலை செய்வது அலுவலகத்தின் தானியங்கி பைப்லைனில் பயனற்றுப் போவதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மேகக் கணினிச் சேவைகள் பலவற்றில் ஒவ்வொரு பில்டுக்கும் புத்தம்புதிய இயந்திரம் ஒன்று தரப்பட்டு, வேலை முடிந்ததும் கலைக்கப்படுகிறது. அதில் நேற்றைய அடுக்கும் இருக்காது, கேஷ் மவுன்ட்டும் இருக்காது. அங்கே அடுக்குகளின் கேஷை ரெஜிஸ்ட்ரிக்கு (இமேஜ்களைச் சேமிக்கும் களஞ்சியத்துக்கு) ஏற்றுமதி செய்து, அடுத்த பில்டில் அங்கிருந்து இறக்குமதி செய்ய வேண்டும். பல கட்டங்களாகப் பிரித்த டாக்கர்ஃபைல்களில் 'மின்' (குறைந்தபட்சம்) என்ற இயல்பான தேர்வு இறுதிக் கட்டத்தின் அடுக்குகளை மட்டுமே அனுப்பும். சார்புகளை நிறுவிக் கம்பைல் செய்யும் இடைக்கட்டத்தின் அடுக்குகளும் வேண்டுமானால் 'மேக்ஸ்' என்று குறிப்பிட வேண்டும். குறிப்பிடாததால், கேஷ் அமைத்தும் பயனில்லை என்று கைவிட்ட குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். 'மேக்ஸ்' என்று குறிப்பிடும்போது இடைக்கட்டத்தில் உள்ள மூல நிரலும் சேர்ந்து ரெஜிஸ்ட்ரிக்குப் போகும் என்பதால், அதை நிறுவனத்தின் மூல நிரலுக்கு நிகரான பாதுகாப்போடு வைத்திருப்பது கட்டாயம்.

இதில் பணமும் நேரமும் மட்டும் சம்பந்தப்படவில்லை. 2020 நவம்பரில் டாக்கரின் பொது இமேஜ் களஞ்சியமான டாக்கர் ஹப், பயனர் கணக்கு இல்லாமல் இமேஜ் இறக்குவோருக்கு ஆறு மணி நேரத்துக்கு 100 முறை என்று வரம்பு விதித்தது. அந்த எண்ணிக்கை ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை, வைத்து எடுக்கப்பட்டது. பெல்லந்தூர், ஒயிட்ஃபீல்டு பக்கத்து அலுவலகங்களில் நூற்றுக்கணக்கானோர் ஒரே வெளி முகவரியின் வழியாகத்தான் இணையத்துக்குப் போகிறார்கள். ஒரு குழுவின் அஜாக்கிரதையால் மறுகுழுவின் பில்ட் நின்றுபோவது அப்போது கண்கூடாயிற்று. ஹார்பர், நெக்சஸ் போன்ற இடைக்களஞ்சியத்தை அலுவலகத்துக்குள் வைத்து, வெளியிலிருந்து ஒருமுறை வந்ததை எல்லோருக்கும் அங்கிருந்தே கொடுக்கலாம். இன்னொரு பயனும் உண்டு. 2016 மார்ச்சில் என்பிஎம்மிலிருந்து 'லெஃப்ட்-பேட்' என்னும் பதினொரு வரிப் பேக்கேஜை அதன் ஆசிரியர் நீக்கியதும், உலகெங்கும் எண்ணற்ற பில்டுகள் உடைந்தன. உள்ளே நகல் வைத்திருப்பவர்களுக்கு அத்தகைய நாள்களில் வேலை நிற்காது.

பொதுக் களஞ்சியங்களுக்கும் நமக்கும் உள்ள உறவையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. பைபிஐ-யை நடத்துவது பைத்தான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்னும் லாப நோக்கற்ற அமைப்பு. நன்கொடையாலும் ஆதரவாலும் கிடைக்கும் சேவையகங்களையும் அலைவரிசையையும் கொண்டுதான் அது ஓடுகிறது. 2025 செப்டம்பரில் அந்த அமைப்பும், ரஸ்ட் ஃபவுண்டேஷன், மேவன் சென்ட்ரலை நடத்தும் சோனாடைப் முதலிய பிறரும் சேர்ந்து வெளியிட்ட கூட்டறிக்கை, இந்தக் கட்டமைப்புகள் இலவசமாக நடந்துவிடுவதில்லை என்பதை நினைவூட்டி, கேஷ் இல்லாமல் ஓடும் தானியங்கி பில்டுகளால் ஏற்படும் வீணடிப்பையும் சுட்டிக்காட்டியது. உலகின் மென்பொருள் வேலையில் பெரும்பங்கு நடக்கும் நகரங்களில் பெங்களூரும் ஒன்று. பிறர் செலவில் நடக்கும் பொதுச் சொத்தை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்ற கேள்வி நமக்கும் உரியது.

கேஷை வலியுறுத்தும்போது அதன் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. 'ரன்' கட்டளையின் எழுத்துகள் மாறாதவரை டாக்கர் அதை மறுபடி ஓட்டாது. டெபியன் என்னும் லினக்ஸ் வகையின் இமேஜில், பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கும் 'ஆப்ட் அப்டேட்' ஒரு வரியிலும் 'இன்ஸ்டால்' அடுத்த வரியிலும் இருந்தால், அப்டேட் மாதக்கணக்கில் பழைய பட்டியலையே கேஷிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்; இல்லாத பதிப்பைத் தேடி இன்ஸ்டால் தோற்கும். இரண்டையும் ஒரே ரன் கட்டளையில் இணைத்து எழுத வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்களில் இது இன்னும் கவலைக்குரியது. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்னும் ஜாவா பேக்கேஜின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, தங்கள் இமேஜுகளுக்குள் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று உலகமே தேடியது. பில்ட் தினந்தோறும் ஓடுகிறது என்பதால் உள்ளே இருப்பதும் புதியது என்று நம்பிவிடக் கூடாது. ஆகவே அன்றாட பில்டுகள் கேஷோடு ஓடட்டும். வாரத்துக்கு ஒருமுறையாவது கேஷை முற்றிலும் தவிர்த்து, அடிப்படை இமேஜையும் புதிதாக இறக்கி ஒரு பில்ட் ஓட வேண்டும். தனியார் களஞ்சியத்துக்கான டோக்கனை (அனுமதிச் சாவியை) ஆர்க் மாறியாக, அதாவது பில்டுக்கு வெளியிலிருந்து தரும் மதிப்பாக, கொடுத்தால் அது இமேஜின் வரலாற்றில் தங்கிவிடும். ரகசியத்தை இமேஜில் பதியாமல் தருவதற்கென்று பில்ட்கிட்டில் இருக்கும் சீக்ரெட் மவுன்ட்டையே பயன்படுத்த வேண்டும். இந்த எச்சரிக்கைகளைச் சொல்லாமல் கேஷை மட்டும் சொல்லித்தருவதை, ஒன்றுமே சொல்லித்தராததை விட மோசமாகவே நான் கருதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு தானே தெரிந்துகொள்வார்கள் என்று சில பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் அது நடப்பதில்லை. குறிப்பேட்டில் இருந்த டாக்கர்ஃபைலை அப்படியே அலுவலகத்துக்குக் கொண்டுவருகிறார்கள், அது ஓடுகிறது, ஓடுவதை யாரும் தொடுவதில்லை, அடுத்த திட்டத்துக்கும் அதையே நகலெடுக்கிறார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு வேகமான இணையமும் பெரிய மடிக்கணினியும் இந்தக் குறையை மறைத்துவிடுகின்றன. முதல் தலைமுறையாகப் படித்து, கடன் வாங்கிப் பயிற்சிக் கட்டணம் செலுத்தி வந்திருப்பவர்கள்தான் ஒவ்வொரு பில்டுக்கும் காத்திருந்து, செய்து பார்க்கும் வாய்ப்பையே இழக்கிறார்கள்.

எனவே தங்கள் நாளிதழின் வாயிலாகப் பயிற்சி மையங்களுக்கும், கன்டெய்னர் பாடத்தைச் சேர்த்திருக்கும் பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். டாக்கர் செய்முறைத் தேர்வில் இமேஜ் ஓடுகிறதா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். மாணவர் பில்ட் செய்து முடித்ததும், அவர் எதிரிலேயே நிரலில் ஒரு வரியை மாற்றி இரண்டாம் முறை பில்ட் செய்யச் சொல்லுங்கள்; எந்தெந்தப் படி கேஷிலிருந்து வரும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கச் சொல்லி, திரையில் வருவதோடு ஒப்பிட்டு மதிப்பெண் கொடுங்கள். அடுத்து ரெக்கொயர்மென்ட்ஸ் கோப்பில் ஒரு பேக்கேஜின் பதிப்பை உயர்த்தி மூன்றாம் முறை ஓட்டச் சொல்லுங்கள். பயிற்சி அறை முழுவதற்கும் ஓர் இடைக்களஞ்சியத்தைப் பழைய கணினி ஒன்றில் நிறுவிவிட்டால், முப்பது பேர் ஒரே நேரத்தில் ஓட்டினாலும் இணைப்பு தாங்கும். இதற்கென்று தனியாக மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. டாக்கரின் ரெஜிஸ்ட்ரி, பைத்தானுக்கு டெவ்பிஐ, என்பிஎம்முக்கு வெர்டாச்சியோ எல்லாமே திறமூலமாகக் கிடைக்கின்றன. தமிழில் இதற்கான செய்முறைக் குறிப்பு எழுதித்தர விரும்பும் பொறியாளர்கள் இந்நகரில் நிச்சயம் இருப்பார்கள். தங்கள் கல்விப் பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்கினால், முதல் குறிப்பை எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
பில்ட் பொறியாளர்,
ராமமூர்த்தி நகர், பெங்களூரு.